கொச்சி எண்ணெய்: மட்டாஞ்சேரி வணிகமும் எர்ணாகுளத்துக் கொழுப்பு ஆய்வும்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகச் சந்தையில் தேங்காய் எண்ணெயின் முதல் தரத்துக்கு ‘கொச்சி’ என்று பெயர். அடுத்த தரம் ‘சிலோன்’. பசிபிக் தீவுகளிலிருந்து வந்த கொப்பரையை ஐரோப்பிய ஆலைகளில் ஆட்டி எடுத்தது வெறும் ‘கொப்பரை எண்ணெய்’. அதற்குக் கடைசி இடம். எண்ணெய், கொழுப்பு பற்றி அந்தக் காலத்தின் பெரிய பாடநூலை லண்டனில் எழுதிய ஜூலியஸ் லெவ்கோவிட்ச் இந்த மூன்று பிரிவுகளையும் பதிவு செய்திருக்கிறார். முதல் தர எண்ணெய் கப்பலேறியது கொச்சிக் காயலின் மேற்குக் கரையில். அந்தக் காயலின் கிழக்குக் கரையில், எர்ணாகுளத்தில், 1940-களில் ஏ. ஆர். எஸ். கர்த்தா என்ற வேதியியலாளர் தாவரக் கொழுப்புகளின் உள்ளமைப்பை ஆராய்ந்தார். அவர் கண்ட விதி அனைத்துலக ஆய்வேடுகளில் பல ஆண்டுகள் விவாதிக்கப்பட்டது. எண்ணெய் வணிகத்தின் வரலாறு பலருக்கும் தெரியும். கர்த்தாவின் பெயரோ கொழுப்பு வேதியியல் நூல்களுக்கு வெளியே அநேகமாகக் கேள்விப்படாத ஒன்று.

கொச்சித் துறைமுகம் 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தால் உருவானது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. கொடுங்கல்லூர்ப் பக்கம் மண் மேடிட, கொச்சியில் காயல் கடலோடு சேரும் வாய் அகன்றது. கோட்டைக் கொச்சி போர்ச்சுக்கீசியர், 1663 முதல் டச்சுக்காரர், 1795 முதல் ஆங்கிலேயர் எனக் கைமாறிக்கொண்டே இருந்தது. அதை ஒட்டிய மட்டாஞ்சேரி கொச்சி மன்னரின் ஆட்சியிலேயே நீடித்தது. கல்வத்திக் கால்வாய்க்கு ஒருபுறம் பிரிட்டிஷ் கொச்சி, மறுபுறம் மன்னரின் கொச்சி. கொங்கணிகள், யூதர்கள், குஜராத்திகள், கச்சி முஸ்லிம்கள், தமிழர்கள் என மட்டாஞ்சேரிக்குக் குடிவந்தவர்கள் பலர். பஜார் சாலையின் கிடங்குகளுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. முன்வாசல் தெருவைப் பார்த்திருக்கும். பின்வாசல் காயலில் இறங்கும். ஆலப்புழை, வைக்கம், திருச்சூர்க் கடலோரம் ஆகிய பகுதிகளிலிருந்து கெட்டுவள்ளங்களில் வந்த மிளகும் கொப்பரையும் எண்ணெயும் பின்வாசல் வழியாகக் கிடங்குக்குள் போயின.

தென்னையை விரிவாக விவரித்த பழைய தாவரவியல் நூல் ஒன்றும் கொச்சியில்தான் உருவானது. டச்சுக் கொச்சியின் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் தொகுப்பித்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. முதல் தொகுதியின் முதல் தாவரம் தென்னை. நூலுக்குச் செய்தி தந்தவர்களில் முதன்மையானவர் ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகிய மூன்று கொங்கணி அந்தணர்களும் அவரோடு பணியாற்றினர். அச்சுதன் கோலெழுத்தில் எழுதித் தந்த சான்று 1675 ஏப்ரல் 20 தேதியிட்டது. தென்னையின் ஒவ்வொரு உறுப்பையும் படத்தோடு விவரித்த அந்த நூல், எண்ணெயை மருந்தாகவும் பயன்பொருளாகவும் பார்த்தது. எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி எழ இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது.

கொச்சி எண்ணெய்க்கு வந்த மதிப்புக்குக் காரணம் ஆட்டும் முறையைவிடக் காய வைக்கும் முறை. முற்றிய தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழப் பாதி எடை நீர். அதை 6 சதவீதத்துக்குக் குறைத்தால் கொப்பரை. அதன் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் எண்ணெய். மலபார்க் கரையில் மழை ஓய்ந்த மாதங்களில் தேங்காயை இரண்டாக உடைத்து, மூடிகளை வாய் மேலாகப் பரப்பி வெயிலில் காய வைப்பார்கள். இரண்டு மூன்று நாளில் பருப்பு சுருங்கி ஓட்டிலிருந்து விலகும். அதைப் பெயர்த்தெடுத்து மேலும் நான்கைந்து நாள் வெயிலில் புரட்டிப் புரட்டிப் போட்டால் கொப்பரை வெண்மை மாறாமல் உலரும். நன்கு உலர்ந்ததை ஒடித்தால் சட்டென்று முறியும், உலராதது வளையும். பசிபிக் தீவுகளில் அடிக்கடி மழை. அங்கே சிரட்டையையும் மட்டையையும் எரித்துப் புகையில் உலர்த்தினார்கள். அந்தக் கொப்பரை பழுப்பேறிப் புகைநாற்றம் அடித்தது, எண்ணெயும் அப்படியே.

ஈரக் கொப்பரையின் கேடு நிறத்தோடு நிற்பதில்லை. ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை சுரக்கும் லிப்பேஸ் நொதி, கொழுப்பைக் கிளிசராலாகவும் தனிக் கொழுப்பு அமிலங்களாகவும் வெட்டும். தேங்காய் எண்ணெயில் குறுகிய சங்கிலி அமிலங்கள் அதிகம். அவை பிரிந்தால் காரலும் சோப்புச் சுவையும் உடனே தெரியும். மட்டாஞ்சேரி வியாபாரி கொப்பரையை ஒடித்தும் முகர்ந்தும் நாக்கில் வைத்தும் தரம் சொன்னபோது இந்த நொதி வினையின் விளைவைத்தான் அளந்தார். ஆட்டியது வாணியர்களின் மரச்செக்கு. கேரளத்தில் அதைச் சக்கு என்பார்கள். மாடு சுற்றச் சுற்ற உலக்கை கொப்பரையை நசுக்கும், எண்ணெய் கசியும், பிண்ணாக்கு மிஞ்சும். பிண்ணாக்கும் மாட்டுத் தீவனமாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது.

ஆங்கிலேயர் காலத்தில் வணிகம் பெருகியது. 1851-ல் வின்டர்தூரிலும் பம்பாயிலும் ஒரே நேரத்தில் தொடங்கிய சுவிஸ் நிறுவனமான வோல்கார்ட் சகோதரர்கள், அந்தப் பத்தாண்டின் இறுதியில் கொச்சியில் கிளை திறந்தனர். ஜான் ஆஸ்பின்வால் 1867-ல் இங்கே தொடங்கிய நிறுவனம் தேங்காய் எண்ணெய், மிளகு, கயிறு முதலியவற்றை ஏற்றுமதி செய்தது. பியர்ஸ் லெஸ்லி நிறுவனமும் களத்தில் இருந்தது. ஐரோப்பிய நிறுவனம் கப்பலையும் காப்பீட்டையும் பார்த்துக்கொள்ள, சரக்கைத் திரட்டித் தரம் பிரித்துக் கொடுத்தவர்கள் மட்டாஞ்சேரியின் குஜராத்தி, கொங்கணி, முஸ்லிம் வணிகர்கள். எண்ணெய் மரப்பீப்பாய்களில் போயிற்று. கப்பல்கள் வெளிக்கடலில் நிற்க, படகுகளில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். காயல் வாயில் மணல்திட்டு மறித்திருந்ததால் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் வேலை ஏறக்குறைய நின்றுவிடும்.

கொச்சியில் பீப்பாய்க்குள் ஊற்றியது எண்ணெய். லண்டனில் திறந்தால் கட்டிக் கொழுப்பு. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் உறையும். கொச்சியின் வெப்பம் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் அதற்கு மேலேயே இருக்கும். இந்தச் சின்ன உண்மை வணிகத்துக்கு ஒரு தொல்லையாக இருந்ததே தவிர வேறொன்றுமில்லை. உள்ளே இருப்பதை வெளியே எடுக்கப் பீப்பாயைச் சூடாக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னாளில் கர்த்தா கட்டிய கோட்பாட்டுக்கு அஸ்திவாரமானது இந்த உண்மையே. எந்த வெப்பத்தில் கொழுப்பு நீர்மமாக நிற்கிறது என்பதை அவர் மரத்தின் பக்கமிருந்து பார்த்தார்.

தேங்காய் எண்ணெயை ஐரோப்பா தேடியதற்குச் சோப்பு முதற்காரணம். பெரும்பாலான சோப்புகள் கடின நீரில் நுரைக்காது. தேங்காய் எண்ணெய்ச் சோப்பு கடல்நீரிலும் நுரைக்கும். கப்பல் பணியாளர்களுக்கென்று அதை விற்றார்கள். நூற்றாண்டின் இறுதியில் அதைச் சுத்திகரித்து நாற்றம் போக்கி வெண்ணெய்க்கு மாற்றாகவும் மார்கரின் தயாரிக்கவும் பயன்படுத்தினார்கள். அதோடு கலப்படமும் வந்தது. வெண்ணெயில் தேங்காய்க் கொழுப்பைக் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது.

வேதியியல் இதற்குள் வளர்ந்திருந்தது. கொழுப்பு என்பது கிளிசராலும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்த பொருள் என்று பிரான்சின் செவ்ருல் 1823-ல் வெளியிட்ட நூலில் நிறுவினார். அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் விலங்குக் கொழுப்பு. தாவரத்தின் பக்கம் ஜெர்மனியில் வேதியியலாளர் லீபிகின் ஆய்வகம் திரும்பியது. அங்கே லயன் பிளேஃபேர் 1841-ல் ஜாதிக்காய்க் கொழுப்பிலிருந்து மிரிஸ்டிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டு லாரல் மரத்தின் காயிலிருந்து லாரிக் அமிலம் கிடைத்தது. 12 கார்பன் நீளமுள்ள இந்த லாரிக் அமிலந்தான் தேங்காய் எண்ணெயின் அமிலங்களில் ஏறத்தாழப் பாதி. மிரிஸ்டிக் அடுத்த நிலையில், கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. மட்டாஞ்சேரிக் கிடங்கில் ஜாதிக்காய் மூட்டையும் தேங்காய் எண்ணெய்ப் பீப்பாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவை. கொழுப்பு வேதியியலில் அவை உறவினர்கள்.

1879-க்கும் 1904-க்கும் இடையில் எண்ணெய்களை எண்களால் அடையாளம் காணும் முறைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு கிராம் கொழுப்பைச் சோப்பாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்பது சோப்பாதல் எண். நல்லெண்ணெய்க்கு அது 190 அளவில் இருக்கும். தேங்காய் எண்ணெய்க்கு 250-ஐத் தாண்டும். அமிலச் சங்கிலி குட்டையாக இருந்தால் ஒரு கிராமில் அதிக மூலக்கூறுகள் அடங்கும் என்பதே காரணம். ஹூப்ல் 1884-ல் தந்த அயோடின் எண், இரட்டைப் பிணைப்பு எவ்வளவு என்று சொல்லும். தேங்காய் எண்ணெய்க்கு அது 10-ஐத் தாண்டுவது அரிது. காற்றின் ஆக்சிஜன் தாக்குவது இரட்டைப் பிணைப்பைத்தான் என்பதால், ஈரம் படாத கொச்சி எண்ணெய் மாதக்கணக்கில் கப்பலில் கிடந்தும் கெடாமல் போய்ச் சேர்ந்தது. 1904-ல் பெர்லினில் எட்வர்ட் போலன்ஸ்கே, நீராவியோடு ஆவியாகி ஆனால் நீரில் கரையாத அமிலங்களை அளக்கும் முறையை வகுத்தார். வெண்ணெயில் அந்த எண் 2 அல்லது 3. தேங்காய் எண்ணெயில் 13-க்கு மேல். வெண்ணெயில் தேங்காய்க் கொழுப்பு கலந்த கலப்படக்காரர் சிக்கினார்.

கொச்சியில் இயந்திர ஆலைகள் இதற்குள் வந்திருந்தன. 1917-ல் உருவான டாட்டா எண்ணெய் ஆலை நிறுவனம் எர்ணாகுளத்தில் கொப்பரை ஆட்டத் தொடங்கிய இடத்துக்கு டாட்டாபுரம் என்றே பெயராயிற்று. எண்ணெயை ஏற்றுமதி செய்வது முதல் நோக்கம். அதில் எதிர்பார்த்த லாபம் கிடைக்காமல், 501, ஹமாம் போன்ற சோப்புகளால்தான் நிறுவனம் பெயர் பெற்றது. 1993-ல் இந்துஸ்தான் லீவருடன் இணைந்தது. துறைமுகமும் மாறியது. 1920-ல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ மணல்திட்டை வெட்டி வழி திறந்தார். 1928 மே மாதம் ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பிய வில்லிங்டன் தீவு மட்டாஞ்சேரிக்கு நேர் எதிரே நிற்கிறது.

கப்பல் உள்ளே வர வழி பிறந்தபோது ஏற்றி அனுப்ப எண்ணெய் குறைந்திருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் பிலிப்பைன்ஸும் பசிபிக் தீவுகளும் மலிவாகக் கொப்பரை தந்தன. சுத்திகரிப்புத் தொழில்நுட்பம் புகைக் கொப்பரை எண்ணெயையும் வெளுப்பாக்கியது. அமெரிக்காவில் எங்கிருந்தோ வந்த எண்ணெயைச் சுத்தம் செய்து ‘கொச்சி வகை’ என்றே விற்றார்கள். ஊருக்கு வந்த வணிகம் போய், ஊரின் பெயர் மட்டும் சந்தையில் தங்கியது. உள்நாட்டுத் தேவையும் கூடியதால் 1930-களில் இந்தியா சிலோனிலிருந்து கொப்பரையையும் எண்ணெயையும் இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்துவிட்டது. விலை வீழ்ச்சியில் தென்னை விவசாயிகள் தவித்தார்கள். தென்னை ஆய்வுக்கும் வணிகத்துக்குமாக இந்திய மத்தியத் தென்னைக் குழு 1945-ல் எர்ணாகுளத்தில் அமைந்தது.

உள்ளூரில் தென்னை இப்படிப் பெரும் பேச்சாக இருந்த ஆண்டுகளில்தான் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கொழுப்பு ஆய்வு நடந்தது. 1845-ல் ஆங்கிலப் பள்ளியாகத் தொடங்கி 1875-ல் கல்லூரியான இது அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. வேதியியல் துறையில் கே. என். மேனனும் கர்த்தாவும் 1940-களின் முற்பகுதியில் கிளிசரைடுகள் பற்றிச் சேர்ந்து எழுதினார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கலைப் புரிந்துகொள்ள லிவர்பூலின் டி. பி. ஹில்டிச்சிடம் போக வேண்டும். வாரிங்டனில் கிராஸ்ஃபீல்ட் சோப்பு நிறுவனத்தில் வேலை பார்த்து, 1926-ல் பேராசிரியரான ஹில்டிச், உலகின் நூற்றுக்கணக்கான கொழுப்புகளைப் பகுத்தார். ஒரு கொழுப்பில் என்னென்ன அமிலம் எவ்வளவு என்று சொல்வது அவருக்குப் போதவில்லை. கிளிசரால் மூன்று கொக்கிகள் உள்ள மாட்டி மாதிரி. ஒவ்வொரு கொக்கியிலும் ஓர் அமிலம் தொங்கும். அப்படி அமிலங்கள் தொங்கும் மாட்டியே கிளிசரைடு. எந்த அமிலம் எந்த அமிலத்தோடு ஒரே மாட்டியில் சேர்கிறது? இரட்டைப் பிணைப்பு இல்லாத, நிறைவுற்ற அமிலம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் கொழுப்பு கெட்டியாகும். ஒன்றிரண்டு இடங்களில் நிறைவுறா அமிலம் இருந்தால் இளகும். ஒரே அமிலக் கலவை வேறு வேறு விதமாகத் தொங்கினால் வேறு வேறு கொழுப்பு. சோப்புக்காரருக்கும் மார்கரின்காரருக்கும் இது பணம் சம்பந்தப்பட்ட கேள்வி.

ஹில்டிச்சும் சி. எச். லீயும் 1927-ல் ஒரு முறை தந்தார்கள். அசிட்டோனில் கரைத்த கொழுப்பில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் சேர்த்தால், நிறைவுறா அமிலங்கள் இரட்டைப் பிணைப்பில் உடைந்து அமிலத் தன்மையுள்ள துண்டுகளாகும். மூன்றும் நிறைவுற்ற கிளிசரைடு மட்டும் தீண்டப்படாமல் நிற்கும். அதைப் பிரித்து எடை போடலாம். பல விதைக் கொழுப்புகளில் இந்த எடை மிகக் குறைவாகவே இருந்தது. இதிலிருந்து ஹில்டிச், தாவரங்கள் அமிலங்களை முடிந்தவரை சமமாகப் பரப்புகின்றன என்றார். இது ‘சமப் பரவல்’ விதி. 1940-களில் அமெரிக்காவில் சிலர், அமிலங்கள் குருட்டாம்போக்காகச் சேர்கின்றன, கணித நிகழ்தகவே போதும் என்று வாதிட்டார்கள்.

இரண்டு தரப்பையும் ஒரு மலபார்க் கொழுப்பைக் கொண்டு சோதிக்கலாம். குடம்புளியின் உறவுமரமான கோகத்தின் விதைக் கொழுப்பில் நிறைவுற்ற அமிலம் ஏறத்தாழ 60 சதவீதம். குருட்டாம்போக்கில் சேர்ந்தால் மூன்றும் நிறைவுற்ற கிளிசரைடு 0.6-ன் மூன்றாம் அடுக்கு, அதாவது சுமார் 22 சதவீதம் இருக்க வேண்டும். இருப்பதோ மிகச் சொற்பம். தேங்காய் எண்ணெயிலோ நிறைவுற்ற அமிலம் 90 சதவீதத்துக்கு மேல். மூன்றும் நிறைவுற்ற கிளிசரைடு ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டுகிறது. ஓர் எல்லைக்குப் பிறகு இது கணக்கால் வரும் கட்டாயம். நிறைவுற்ற அமிலம் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் எப்படித்தான் அடுக்கினாலும் சில மாட்டிகளில் மூன்று கொக்கியும் அவற்றாலேயே நிரம்பும்.

கர்த்தா முதலில் அளவீட்டைச் சரிசெய்தார். பெர்மாங்கனேட் வினையில் கரைசல் காரத்தன்மை அடையும். காரம் கிளிசரைடையே அரிக்கும். அதனால் கணக்கு பிசகும். அவர் அசிட்டிக் அமிலம் சேர்த்து வினையை நடத்தினார். கார விளைவு நடுநிலையாகிவிட, கிளிசரைடுகள் சிதையாமல் நின்றன. மூன்றும் நிறைவுற்றது, இரண்டு நிறைவுற்றது, ஒன்று நிறைவுற்றது, ஒன்றுமே நிறைவுறாதது என்று நால்வகையையும் அளக்க வழி பிறந்தது. எந்தக் கோட்பாடாக இருந்தாலும் இந்த நான்கு எண்களுக்கும் பொருந்தியாக வேண்டும். ஹில்டிச்சின் பழைய முறை உறுதியாகத் தந்தது ஓர் எண் மட்டுமே. சண்டைக்கு அது போதாது.

அந்த நான்கு எண்களிலிருந்து கர்த்தா எட்டிய முடிவு இது. அமிலங்கள் குருட்டாம்போக்காகவே சேர்கின்றன, ஆனால் ஒரு தடையோடு. உயிருள்ள திசுவில் கொழுப்பு நீர்மமாக இருந்தாக வேண்டும். ஆகவே அந்தத் தாவரத்தின் உடல் வெப்பத்தில் எவ்வளவு மூன்றும் நிறைவுற்ற கிளிசரைடு உறையாமல் கரைந்து நிற்குமோ அவ்வளவே உருவாகும். மிச்சம் நிறைவுற்ற அமிலங்கள் மற்றக் கிளிசரைடுகளில் இடம் மாற்றிக்கொள்ளும். தேங்காயின் லாரிக் கிளிசரைடுகள் கேரள வெப்பத்தில் நீர்மம். எனவே அங்கே தடை செயல்படுவதில்லை. கோகத்தில் மூன்றும் ஸ்டீரிக்கான கிளிசரைடு உருவானால் அது 70 டிகிரிக்கு மேல்தான் உருகும். எனவே அங்கே தடை முழு வீச்சில் செயல்படுகிறது. இதுவே ‘கட்டுப்படுத்தப்பட்ட தற்செயல் பரவல்’ விதி. 1951-ல் எர்ணாகுளத்திலிருந்து தாமே வெளியிட்ட ‘இயற்கைக் கொழுப்புகள் பற்றிய ஆய்வுகள்’ என்ற நூலில் இதை விரித்தார். அமெரிக்க எண்ணெய் வேதியியலாளர் சங்கத்தின் ஏட்டில் 1953-லும் 1954-லும் தொடர் கட்டுரைகளாக எழுதினார்.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில், அசிட்டோனும் பெர்மாங்கனேட்டும் தராசும் கொண்டு இதைச் செய்தார் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கொழுப்பு அமிலங்களை விரைவாகப் பிரித்தளக்கும் வாயு நிறப்பகுப்பை ஜேம்ஸும் மார்ட்டினும் வெளியிட்டதே 1952-ல்தான். ஒரு பகுப்புக்கு இன்று சில மணி நேரம். அன்று நாட்கணக்கில் ஆக்சிஜனேற்றம், வடித்தல், கழுவுதல், எடை போடுதல். அதைவிட முக்கியம், அவர் கேள்வியை உடலியலாக மாற்றியது. ஹில்டிச்சின் விதி தாவரம் என்ன செய்கிறது என்றது; கர்த்தாவின் விதி ஏன் செய்கிறது என்று கேட்டது. காரணம் சொல்லும் விதியைத் தவறென்று காட்டவும் முடியும். அதுவே நடந்தது.

1950-களின் நடுவில் மேட்சன், பெக் ஆகியோர் அமெரிக்காவிலும், சாவரி, தெனுவெல் ஆகியோர் பிரான்சிலும் கணைய லிப்பேஸைக் கருவியாக்கினர். அந்த நொதி முதல், மூன்றாம் கொக்கிகளில் தொங்கும் அமிலங்களை மட்டும் அறுக்கும். நடுக்கொக்கியில் இருப்பது தங்கும். பார்த்தால், பெரும்பாலான விதைக் கொழுப்புகளில் நடு இடத்தை நிறைவுறா அமிலங்களே பிடித்திருந்தன. நடு இடத்துக்குத் தனி விதி, ஓரங்களுக்குத் தனி விதி. 1960-ல் வாண்டர் வால், 1961-ல் கோல்மேனும் ஃபுல்டனும் இதைக் கணிதக் கோட்பாடாக்கினார்கள். நடுவில் நிறைவுறா அமிலம் நிலையாக இருந்தால் மூன்றும் நிறைவுற்ற கிளிசரைடு தானாகவே குறையும். கோகத்தில் அந்தக் கிளிசரைடு அரிதாக இருப்பதற்கு இதுவே விளக்கம். எண்கள் கர்த்தாவின் விதிக்குப் பல இடங்களில் பொருந்தியது தற்செயலல்ல. அவர் சொன்ன காரணம்தான் வேறாகிப் போனது. நீர்மமாக நிற்பது விளைவு, நொதியின் தேர்வு காரணம் என்பது புதிய பார்வை. கர்த்தா அதை எளிதில் ஏற்கவில்லை. லிப்பேஸ் முறையின் நம்பகத்தைக் கேள்விக்குள்ளாக்கிக் கட்டுரைகள் எழுதினார்.

இதற்குள் அவர் டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போயிருந்தார். அங்கே அவர் செய்ததில் கோட்பாட்டு வாதங்களைவிட அதிக காலம் நின்றது ஒரு சாதாரண நடைமுறை. ஏ. எஸ். சேத்தியுடன் 1957-ல் வெளியிட்ட குளிர் வடிப்பு முறையில் நுணுக்கிய விதையை நீரற்ற சோடியம் சல்பேட்டோடு அரைத்து, குழாயில் அடைத்து, கார்பன் டெட்ராகுளோரைடை மேலிருந்து சொட்டவிட்டால் எண்ணெய் முழுவதும் கீழே வந்துவிடும். சூடாக்க வேண்டாம்; சிறிதளவு விதையே போதும். ஆயிரக்கணக்கான கடுகு, எள், நிலக்கடலை வகைகளில் எண்ணெய் அளவைச் சோதிக்க வேண்டிய பயிர்ப் பெருக்கவியலாளருக்கு இது பெரிய வசதி. இந்திய வேளாண் ஆய்வேடுகளில் பல பத்தாண்டுகள் இந்தப் பெயர் இணை தொடர்ந்து வந்தது.

ஹில்டிச்சிடம் நேரடியாகப் படித்த இந்தியர்களில் குறிப்பிடத்தக்கவர் கே. டி. அச்சயா. 1923-ல் கொள்ளேகாலத்தில் பிறந்த அவர் லிவர்பூலிலிருந்து திரும்பி ஐதராபாத்தின் மண்டல ஆராய்ச்சி ஆய்வகத்தில் எண்ணெய் வேதியியலாளராக இருந்தார். இந்திய எண்ணெய் வித்துகள், மரச்செக்கு, உணவு வரலாறு பற்றிய நூல்களைப் பிற்காலத்தில் எழுதினார். ஆய்வகத்துக்கும் செக்கடிக்கும் இடையே நடந்து பழகிய கொழுப்பு வேதியியலாளர் என்று அவரைச் சொல்லலாம்.

பெரும்பாலான விதைகளில் நடுக்கொக்கியை நிறைவுறா அமிலம் பிடிக்கிறது என்றால் தேங்காயில் அங்கே லாரிக் எப்படி ஏறியது? இந்தக் கேள்விக்கு விடை மரபணுக் காலத்தில் கிடைத்தது. தாவர உயிரணுவின் கணிகத்தில் கொழுப்பு அமிலச் சங்கிலி இரண்டிரண்டு கார்பனாக நீளும். சாதாரணமாக 16 அல்லது 18 கார்பனில் அது நிற்கும். லாரிக் அமிலம் சேரும் விதையில் ஒரு தயோஎஸ்டரேஸ் நொதி 12-ஆம் கார்பனிலேயே சங்கிலியை வெட்டிவிடுகிறது. கலிஃபோர்னியா லாரல் மரத்தில் இந்த நொதியைக் கால்ஜீன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990-களின் தொடக்கத்தில் கண்டறிந்து, அதன் மரபணுவைக் கடுகினப் பயிரான கனோலாவில் புகுத்தினார்கள். கனோலா லாரிக் அமிலத்தைத் தயாரித்தது. ஆனால் அது முதல், மூன்றாம் இடங்களில் மட்டுமே தொங்கியது. நடு இடத்தைக் கனோலாவின் சொந்த நொதி விட்டுக்கொடுக்கவில்லை. இளம் தேங்காய்ப் பருப்பிலிருந்து எடுத்த வேறொரு நொதியின் மரபணுவைச் சேர்த்தபோது நடுவிலும் லாரிக் ஏறியது. 1999-ல் இது வெளியானது. தேங்காய் எண்ணெய் ஏன் தேங்காய் எண்ணெயாக இருக்கிறது என்பது இரண்டு நொதிகளின் விருப்பத்தில் அடங்கியிருந்தது.

மட்டாஞ்சேரியின் எண்ணெய் வணிகம் இன்று பெரும்பாலும் உள்நாட்டு வணிகம். தென்னை வளர்ச்சி வாரியம் 1981-ல் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. கொச்சி எண்ணெய் வணிகர் சங்கம் சொல்லும் விலையை நாடு முழுவதும் பார்க்கிறார்கள். அதன் பக்கத்தில் இன்னொரு விலையும் அச்சாகிறது: காங்கேயம் விலை. திருப்பூர் மாவட்டத்தின் வறண்ட வெயில் கொப்பரை உலர்த்துவதற்கு வாகானது. கேரள ஆலைகளுக்குப் போகும் கொப்பரையில் கணிசமான பகுதி தமிழ்நாட்டிலிருந்து செல்கிறது. எண்ணெய் ஆலைகளே காங்கேயத்தைச் சுற்றி நிறைய வந்துவிட்டன.

கலப்படமும் திசை மாறிவிட்டது. தேங்காய் எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் மலிவான பனைக்கொட்டை எண்ணெயை அதில் கலக்கிறார்கள். அதுவும் லாரிக் எண்ணெய்தான். நிறமும் மணமும் நீக்கினால் நாக்கும் மூக்கும் ஏமாறும். அதன் அயோடின் எண் 14-க்கு மேல் என்பதும், குறுகிய சங்கிலி அமிலங்கள் குறைவு என்பதும்தான் காட்டிக்கொடுக்கின்றன. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் தேங்காய் எண்ணெயின் அயோடின் எண் 7.5 முதல் 10-க்குள் இருக்க வேண்டும் என்றும் போலன்ஸ்கே எண் 13-க்குக் குறையக் கூடாது என்றும் வரையறுக்கின்றன. வெண்ணெயைத் தேங்காய்க் கொழுப்பிலிருந்து காப்பாற்ற 1904-ல் வகுத்த சோதனையைத்தான் தேங்காய் எண்ணெயைக் காப்பாற்றவும் வைத்திருக்கிறார்கள்.